வெள்ளை அட்டையில் அன்றைய தேதி

இன்று காலை கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் வெள்ளை அட்டையில் எழுதிவிட்டு, கட்டுவதற்கு ஒன்றுமில்லை என்று சிரித்தார். இரண்டு மாதத்தில் நூறு யூனிட் கூட ஓடவில்லையாம். கல்யாணமான நாளிலிருந்து நான் ஆசைப்பட்ட பில் இது. நீ போன பிறகு வந்திருக்கிறது. அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

கட்டணம் ஏற ஏற நம் வீடு எப்படி மாறியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றியவன் நான், அனுபவித்தவள் நீ. இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போனது. என் சட்டைகளை மடித்துப் பாய்க்கு அடியில் வைத்தாய். குளிக்க வெந்நீர் வேண்டுமென்றால் புறவாசல் வெயிலில் வாளியை வைத்தாய். சிலிண்டர் விலையும் கூடவே ஏறியதால் காலையில் ஒரு தடவைதான் சமையல், இரவுக்கும் அதே குழம்பு. பகலெல்லாம் இரண்டு பேரும் ஒரே அறையில், ஒரே ஃபேனுக்குக் கீழே. எழுந்ததும் நான் வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்ப்பேன். "முதல் காப்பியை அதுக்கே குடுத்திரட்டா?" என்று கேட்பாய். எனக்குக் கோபம் வரும், உனக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பில் களைப்பும் இருந்திருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

பின் தெருவில் உன் சிநேகிதி வீட்டுக்கு ரீடிங் எடுப்பது நமக்கு எடுப்பதிலிருந்து ஒரு மாதம் தள்ளி. அதனால் நம் வீட்டில் கணக்கு முடிகிற சமயம், ஊறவைத்த அரிசியையும் உளுந்தையும் நீ அங்கே தூக்கிக்கொண்டு போய் ஆட்டுவாய். அவள் வீட்டில் முடிகிற சமயம் அவள் இங்கே வருவாள். இந்த ஏற்பாட்டுக்கு யோசனை சொன்னவன் நான்தான் என்று நாலு பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்.

அந்தச் சித்திரையில் மகன் பிள்ளைகளோடு வந்து பத்து நாள் ஏசி போட்டுவிட்டுப் போனதில், மீட்டர் ஐந்நூறு யூனிட்டை நெருங்கிவிட்டது. அதைத் தாண்டினால் முன்னால் ஓடியதற்கும் சேர்த்து விலை ஏறும். மோட்டார் போட வேண்டாம் என்று நான் காலையில் ஆற்றுக்குக் குளிக்கப் போனேன். நீ புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். திரும்பி வந்து மீட்டரைப் பார்த்தால் இரண்டே யூனிட்தான் பாக்கி. ரீடிங் எடுக்க ஆள் வந்தாரா என்று கேட்டேன். யாரும் கூப்பிட்ட சத்தம் கேட்கவில்லை என்றாய்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அரிசி ஊறிக் கிடந்தது.

"இந்த வேனா வெயில்லயா? கொஞ்சம் சாயட்டும், பைய போறேன்" என்றாய்.

"அதுக்குள்ள அரிசி புளிச்சிரும். இந்தா இருக்கு பின் தெரு. ஒரு நடை போயி ஆட்டிட்டு வந்திரு."

வாளியை எடுத்துக்கொண்டு, "கதவைச் சாத்திராதிய, காத்து வரும். போயிட்டு வாரேன்" என்றாய்.

வாளியை நான் தூக்கி வந்திருக்கலாம். ஆண்பிள்ளை அரிசி வாளியோடு தெருவில் போவதா என்று வெட்கம். இன்று அதை நினைத்தால் எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

பின் தெரு முனையில் விழுந்துவிட்டாய். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் இதயம் அந்த வெயிலைத் தாங்கவில்லை என்றார் டாக்டர்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதினாறு முடிந்த மறுநாள், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் எப்போதும் செருகியிருக்கும் வெள்ளை அட்டையை எடுத்துப் பார்த்தேன். அதில் நீ விழுந்த நாளின் தேதி. நான் ஆற்றில் முங்கிக்கொண்டிருந்தபோதே ஆள் வந்து எழுதிச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். திரும்பி வந்து மீட்டரில் எண்ணை மட்டும்தான் பார்த்தேன், அட்டையைப் பார்க்கவில்லை. நீ வாளியைத் தூக்கிய நேரம் பழைய கணக்கு முடிந்து புதுக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. நம் வீட்டு கிரைண்டரிலேயே ஆட்டியிருக்கலாம். ஆட்டினாலும் அரை யூனிட் ஆகியிருக்காது.

இதை மகனிடம் சொல்லவில்லை. உன் சிநேகிதி ஒரு நாள், "ஏன் அண்ணாச்சி, அந்த வெயில்ல அவள அனுப்புனிய?" என்று கேட்டாள். அன்றைக்கு ரீடிங் எடுக்க ஆள் வரவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன்.

மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பழக்கம் ஒன்றுதான். எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது. உன் படத்துக்கு மேலே மகன் ஒரு சின்ன பல்பு மாட்டி, இது அணையவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். அதையும் அணைத்துவிடுகிறேன். ஞாபகம் வந்து ஓடிப்போய்ப் போடுகிறேன், மறுபடி அணைத்துவிடுகிறேன். இதை எழுதி முடித்து இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறேன். நீ இருட்டில் இருக்கிறாய்.