மஞ்சத் துணியும் ரப்பர் பேண்டும்

சிட்லபாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்யவதி மிருதுளாவுக்கு அம்மாவோட அநேக ஆசீர்வாதம். இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாம் சௌக்யம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளா வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி சௌக்யமா இருக்கணும். போன்ல உன் குரலைக் கேட்டா சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோறது, அதான் எழுதறேன், மாடி வீட்டு ஜென்சி இதைப் படம் பிடிச்சு உனக்கு அனுப்பறேன்னா. வியாழக்கிழமை கழுத்துல ஆபரேஷன், கட்டியை எடுத்துப் பார்த்தாத்தான் அது எந்த மாதிரின்னு தெரியும்னு நீ சொன்னதுலேர்ந்து எங்க ரெண்டு பேருக்கும் சோறு இறங்கலை. அதோட விட்டியா, என் பேர்ல மொட்டை காவடின்னு எதையும் வேண்டிண்டுடாதேன்னு வேற கறாரா சொன்னே. எனக்குக் கோவம் வந்தது வாஸ்தவம். ஆனா அடுத்த நிமிஷமே, எனக்கு வேண்டிக்கவே வரலைம்மா, நீ எப்படி வேண்டிப்பேன்னு கேட்டியே, அதுக்குத்தான் அடுப்புல பால் இருக்குன்னு பொய் சொல்லிட்டு போனை வெச்சேன்.

யோசிச்சுப் பார்த்தா, உட்கார்ந்து வேண்டிக்க எனக்கு எங்கேடீ நேரம். நீ வெளிநாடு போனதுலேர்ந்து மாடியில துணி உலர்த்தறப்போ தலைக்கு மேல ப்ளேன் போனா, எல்லாரும் பத்திரமா இறங்குங்கோம்பேன். ஜி.எஸ்.டி. ரோட்டுல ஆம்புலன்ஸ் அலறிண்டு போனா, யார் பெத்த பிள்ளையோ காப்பாத்துப்பாம்பேன். இதெல்லாம் வேண்டுதல்ல சேர்த்தியான்னு தெரியலை. பெரிசா ஏதாவது வந்தாத்தான் மஞ்சத் துணியில ஒரு காசை முடிஞ்சு, சுவாமி ஷெல்ஃப்ல இருக்கற செப்பு டப்பாவுல போட்டு வெச்சு, காரியம் ஆனதும் குன்றத்தூர் முருகன் உண்டியல்ல கொண்டுபோய்ப் போடறது. அப்பாவுக்கு இது எப்பவும் கேலிதான். காலேஜ்ல பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்தவராச்சே, உன் முருகனுக்கு என்ன சில்லறைத் தட்டுப்பாடாம்பார்.

உனக்காக ஒண்ணு முடியலாம்னு அந்த டப்பாவைத் திறந்தா, உள்ளே ஒரு குவியல். உன் விசாவுக்கு ஒண்ணு, அப்பா கண்ணுக்கு ஒண்ணு, வெள்ளம் வாசப்படியோட நின்னதுக்கு ஒண்ணுன்னு நெனைக்கறேன், மத்ததெல்லாம் எதுக்கு முடிஞ்சேன்னே ஞாபகம் வரலை. சொன்ன வாக்கையே செலுத்தாம எந்த மூஞ்சியை வெச்சுண்டு புதுசா கேக்கறது? முதல்ல பழசைப் போட்டுட்டு வரலாம்னு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். அன்னிக்குக் காலையில பார்த்தா சமையல் மேடை பூரா மஞ்சப் பொடி, யார் கொட்டினதுன்னு கத்தினா அப்பா பேப்பருக்குள்ள தலையை விட்டுண்டார். அதைத் துடைச்சுட்டு, டப்பாவை அப்படியே பைக்குள்ள கவிழ்த்துண்டு, ரெண்டு பேரும் பஸ் ஏறினோம். அப்பா வழக்கம் போல அடிவாரத்துல செருப்புக்குக் காவல், நான் கைப்பிடியைப் பிடிச்சுண்டு ஒரு வழியா மேலே போய்ச் சேர்ந்தேன்.

சன்னதியில நின்னா, தெரிஞ்ச ஸ்லோகம் ஒண்ணும் வாயில வரலைடீ மிருதுளா. உன் பேர்தான் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன், பின்னாடி இருந்தவா நகருங்கம்மான்னு தள்ளற வரைக்கும். அதனால உனக்கு வரலைன்னா விட்டுடு, தப்பே இல்லை, பயமா இருக்குன்னு சொன்னாக்கூடப் போறும். ஜென்சி நேத்திக்கு நம்ம கூடத்துல கண்ணை மூடிண்டு, ஏசப்பா அக்காவுக்கு வலிக்கவே கூடாதுன்னு நேராக் கேட்டா, எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது.

அப்புறம் உண்டியல்கிட்டப் போய் ஒவ்வொண்ணாப் போட்டேன். கடைசியா கையில வந்தது நான் முடிஞ்சதே இல்லை. அப்பா கைக்குட்டையிலேர்ந்து கிழிச்ச துண்டு, மஞ்சளைக் கரைக்கத் தெரியாம திட்டுத் திட்டா இருந்தது, முடிச்சு போடவும் தெரியலை, பூப் பொட்டலத்துல வர்ற ரப்பர் பேண்டைச் சுத்தி வெச்சிருந்தார். இன்னும் ஈரம் காயலை. தூணைப் பிடிச்சுண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன், வெக்கமே இல்லாம.

அதை மட்டும் நான் போடலை. அவர் என்ன வேண்டிண்டாரோ, அவர்தானே செலுத்தணும். கீழே வந்தா, எல்லாத்தையும் போட்டுட்டியான்னு கேட்டார், அவர் முகமே சரியா இல்லை. என்னோடதெல்லாம் போட்டாச்சுன்னேன். அவர் குனிஞ்சு என் செருப்பை எடுத்துக் காலண்டை ஜோடியா வெச்சார். வீட்டுக்கு வந்ததும் அதை டப்பாவுலயே திரும்ப வெச்சுட்டேன்.

நீ இதை அப்பாகிட்டக் கேட்டு வெக்காதே. வியாழக்கிழமை தலையை இழுத்துப் பின்னிக்கோ, செயினையும் தோட்டையும் கழட்டி மாப்பிள்ளைகிட்டக் குடு, முழிச்சதும் பேச முடியலைன்னாலும் அவரை ஒரு மெசேஜ் போடச் சொல்லு, நாங்க ரெண்டு பேரும் போனைப் பார்த்துண்டேதான் உட்கார்ந்திருப்போம். தீர்க்காயுசா, ஒரு குறையும் இல்லாம இருப்பே. உடம்பு தேறினதும் ரெண்டு பேருமா வாங்கோ, நீ உங்கப்பா கையைப் பிடிச்சு மலை மேல கூட்டிண்டு போ. அன்னிக்குச் செருப்புக்கு நான் காவல் இருக்கேன்.

உன் அம்மா,
அபிதகுஜாம்பாள்