நேர்த்தி வைத்தவர் அவர், நடக்க வேண்டியவள் நான்

ஜூலை 21, செவ்வாய்

கச்சான் காற்று. விடியவே முற்றம் முழுக்க மணல். கொடியில் போட்ட உடுப்பில் இரண்டு வேலிக்கு அங்கால்.

வலியை எழுதிக்கொண்டு வரச் சொன்னார் கிளினிக் நேர்ஸ். பத்துக்கு எத்தனை என்று. பழைய கொப்பியின் கடைசிப் பக்கங்கள் இதற்கு.

முழங்கால் (இனி மு.கா.) – 7. கட்டிலால் எழும்பும்போது 8.
இடது கை – 4. வீக்கம் கூட. காப்பு ஏறவில்லை.
வலது மோதிரவிரல் – மடங்கினால் தானாக நிமிராது. மற்றக் கையால் இழுக்க வேண்டும். டிக் என்று ஒரு சத்தம்.
பாதம் – எரிவு, விறைப்பு. எரிவை வலியில் சேர்ப்பதா? கேட்க மறந்துபோனேன்.
மறதி – இதையும் எழுதத்தான் வேண்டும்.

மார்பை வெட்டி, ஊசிமருந்து ஏற்றி, கதிர் வைத்து, எல்லாம் முடிந்து ஒன்றரை வருடம். மிச்சம் தினம் ஒரு குளிசை. ஐந்து வருடத்துக்கு.

நானாட்டான் கந்தோரில் மேல் தட்டுக் கோப்புக்குக் கை உயரவில்லை. பக்கத்து மேசை விமலா எடுத்துத் தந்தாள். தந்துவிட்டு, இப்போது நன்றாகத்தானே இருக்கிறீர்கள், நிறமும் வந்துவிட்டது என்றாள். சிரித்து வைத்தேன். எல்லோரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள்.

ஜூலை 22, புதன்

மு.கா. 7. கை 4.

இவருக்குக் கச்சான் முடியும்வரை கடல் இல்லை. போட் கரையில், ஆள் வீட்டில். நான் குனிந்தால் ஏன் குனிகிறாய், நிமிர்ந்தால் ஏன் நிமிர்கிறாய். காலையில் தேநீரும் குளிசையும் அவர் கையால்தான். விழுங்கும்வரை நின்று பார்ப்பார்.

பகல் சாப்பாட்டில் சொன்னார், ஆவணித் திருநாளுக்கு இந்த முறை மடு மாதா கோயிலுக்கு நாங்கள் இரண்டு பேரும் நடந்து போகிறோம் என்று. பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. ஒப்பரேசன் நடந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று மாதாவுக்கு நேர்ந்தாராம். அவளைத் திருப்பித் தா, இரண்டு பேரும் கால்நடையாக வருவோம் என்று. போன மாதம் ஸ்கானில் ஒன்றும் இல்லை என்று டொக்டர் சொன்னதும் நாள் குறித்துவிட்டார். இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வெளியில் சொன்னால் பலிக்காமல் போய்விடும் என்று பயமாம்.

சொல்லும்போது கண் கலங்கியது. கையில் சோறு. அந்த முகத்தைப் பார்த்து ஏலாது என்று எப்படிச் சொல்வது. ஓம் என்றேன்.

என்ன மடத்தனம். வங்காலையிலிருந்து மடு. முருங்கன் தாண்டி, மடு றோட் சந்தி தாண்டி, பிறகு காடு. நடந்தால் இரண்டு நாள். பஸ்ஸுக்கு நிற்கும் பத்து நிமிடத்துக்கே நான் மதிலைப் பிடிக்கிறேன்.

ஜூலை 24, வெள்ளி

பழகிப் பார்ப்போம் என்று பின்னேரம் கடற்கரை வரை நடந்தேன். தனியாக. மணலில் பாதம் எங்கே முடிகிறது, மணல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பஞ்சில் நடப்பதுபோல இருந்தால் பரவாயில்லை. இது சூடான பஞ்சு.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சீமெந்து நிலத்தில் இரத்தம். என் அடிகள்தான். பெருவிரலுக்குக் கீழே சிப்பி வெட்டியிருக்கிறது. வெட்டியது தெரியவே இல்லை.

ரோசலின் மச்சாள், இவருடைய அக்கா, அந்த நேரம் வந்திருந்தா. மருந்து போட்டுக் கட்டிவிட்டா. நல்ல கை. கட்டிக்கொண்டே சொன்னா:

"நீ யோசியாத மினா. நடக்கத் தொடங்கினால் மாதா கொண்டுபோய்ச் சேர்ப்பா."

எனக்கு வந்த கோபம். மாதாவிடம் இல்லை. மாதா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 26, ஞாயிறு

பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் நாலு பேர் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். வீங்கிய கையைத்தான் எல்லோரும் பிடிக்கிறார்கள். மச்சாள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டா. பாதயாத்திரைக் கூட்டத்துக்கு முன்னால் நான் நடக்க வேண்டுமாம், சாட்சியாக.

வீக்கத்துக்கு இறுக்க உறை போட்ட கை. உள்ளே வேர்வை, கடி. திடீரென்று உடம்பு முழுக்கக் குளிசையால் வரும் அந்தச் சூடு வேறு, நெருப்புக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டதுபோல. சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. "பாருங்கோ, முகம் என்ன பிரகாசம்" என்று ஒரு மனிசி.

மு.கா. 8.

ஜூலை 27, திங்கள்

இதை இங்கே மட்டும்தான் எழுதுகிறேன்.

மூட்டுவலி அந்தக் குளிசையால் என்று டொக்டரே ஒருமுறை சொன்னார். நடை ஆகஸ்ட் 13. இன்றிலிருந்து பதினேழு நாள். அதுவரை நிறுத்தினால் முழங்கால் கொஞ்சம் இளகும். போய்வந்து திரும்பத் தொடங்கலாம்.

காலையில் குளிசையை நாக்குக்குக் கீழே வைத்துத் தேநீர் குடித்தேன். அவர் திரும்பியதும் துப்பி, தைல டப்பாவில் போட்டு மூடினேன். புற்று வருத்தம் திரும்பி வராமல் பார்ப்பது இந்தக் குளிசைதான். தெரியும். தெரிந்துகொண்டுதான்.

ஆகஸ்ட் 1, சனி

மு.கா. 5. விரல் இரண்டு முறைதான் பூட்டியது. கட்டிலால் கதிரையைப் பிடிக்காமல் எழும்பினேன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

டப்பாவில் ஆறு.

சந்தோஷப்படத் தெரியவில்லை. குளிக்கும்போது மற்ற மார்பைத் தடவித் தடவிப் பார்க்கிறேன். கமக்கட்டையும். ஒன்றும் இல்லை. பிறகு உடுப்பு மாற்றும்போது இன்னொரு முறை.

பாதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே எரிவு.

இவர் இரண்டு பேருக்கும் புதுத் தொப்பி வாங்கி வந்தார், வெயிலுக்கு. எனக்கு மஞ்சள். போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

ஆகஸ்ட் 3, திங்கள்

கந்தோரில் ஒரு கடிதத்தை இரண்டு முறை பதிந்துவிட்டேன். பெரியவர் ஏசவில்லை. "பரவாயில்லை, நீங்கள் வருத்தக்காரர்தானே" என்றார். ஏசியிருக்கலாம்.

வாங்க: உப்பு, பற்பசை, மெல்லிய சொக்ஸ், விளக்குத்திரி.

மகள் வவுனியாவிலிருந்து ஃபோன் எடுத்தாள். அப்பா சந்தோஷமாக இருக்கிறாராம், அதைக் கேட்க அவளுக்கும் சந்தோஷமாம். அம்மா எப்படி என்று கேட்டாள். பிறகு அவள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 5, புதன்

கிளினிக். யாழ்ப்பாணம் போய்வந்து கால் பானைபோல.

வழமைபோல ஹசீனா மன்னார் பஸ் நிலையத்தில் நின்றாள். சிலாவத்துறை ஆள், எனக்கு ஒரு மாதம் முன்னால் இதே ஒப்பரேசன் நடந்தவள். கிளினிக் நாட்களில் நாங்கள் ஒரே சீற்றில்தான். யன்னல் பக்கம் அவளுக்கு, என் வீங்காத கை அவள் பக்கம். சங்குப்பிட்டிப் பாலம் வரும்போது சொல்லிவிட்டேன். நேர்த்தி, குளிசை, டப்பா, எல்லாம்.

யன்னலை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக:

"எனக்கும்தான் நோகுது அக்கா. ஒவ்வொரு நாளும் அந்தக் குளிசைய ஏசி ஏசித்தான் முழுங்குறன். முழுங்காம இரிக்கிறேல்ல. இத டொக்டர்ட்டச் சொல்லாம நீங்க இண்டைக்குத் திரும்பி வாறேல்ல."

அழுதுவிட்டேன். முன் சீற்று ஆள் திரும்பிப் பார்த்தார். ஹசீனா அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

டொக்டரிடம் சொன்னேன். இளம் பெண், என் மகள் வயது. ஏசுவா என்று காத்திருந்தேன். எத்தனை நாள் என்று கேட்டா. ஒன்பது என்றேன். இன்றைக்கும் சேர்த்துப் பத்து. இந்தக் கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தா. (திங்கள் 27ஐயும் வாசித்துவிட்டா. வெட்கம்.) முழங்கால் வலி குறைந்ததால் காரணம் அந்தக் குளிசைதான் என்று தெரிகிறது, அதே வேலை செய்யும் வேறொன்று தருகிறேன், நாளையே தொடங்க வேண்டும் என்றா. சில பேருக்கு அது ஒத்துப்போகுமாம். சில பேருக்கு இல்லையாம்.

பாதத்தைக் கேட்டேன். அது குளிசையால் இல்லை, ஊசிமருந்தால் நரம்பில் வந்தது. குறையலாம். குறையாமலும் விடலாம். அப்படியென்றால் குளிசையை விட்டும் இந்தப் பாதத்தால் நடந்திருக்க ஏலாது. பத்து நாள் பயந்தது எதற்கு.

கடைசியில் இதைத்தான் சொன்னா: "அம்மா, நோகுது எண்டு சொல்லுறது குற்றமில்லை. சொல்லாமல் நிப்பாட்டினதுதான் பிழை."

மடுவுக்கு நடப்பதைக் கேட்கவே தேவையில்லாமல் போனது. என் பாதத்தின் வெட்டுக்காயத்தைப் பார்த்துவிட்டு, வெறும் காலோடு முற்றத்துக்கும் இறங்கக் கூடாது என்றா.

ஆகஸ்ட் 6, வியாழன்

சொன்னேன்.

விடிய, அவர் தேநீரோடு வந்து நின்றபோது. பழைய குளிசைகளை டப்பாவிலிருந்து மேசையில் கொட்டினேன். பாத எரிவையும், நடக்க ஏலாது என்பதையும் சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் கதிரையில் இருந்துவிட்டார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு எப்பிடிச் சொல்லுறது."

"மாதாவுக்குக் குடுத்த சொல்லை நான் எப்பிடி மினா மாத்துறது?"

"நேர்த்தி வைச்சது நீங்கள். கால் என்ரை. ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

நான் சத்தம் போடவில்லை. அவரும் இல்லை. எழும்பிப் போய்விட்டார். பகலுக்கு வரவில்லை. கரையில் போட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்டதாக அயல்வீட்டுக்காரர் சொன்னார்.

புதுக் குளிசை நானே எடுத்துப் போட்டேன். மு.கா. 5. கை 5. பஸ்ஸில் போனதுக்கு.

ஆகஸ்ட் 8, சனி

பேச்சு இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார். தேநீர் வைக்கிறார், கொண்டுவந்து தருவதில்லை. மூடி வைத்துவிட்டுப் போகிறார்.

முப்பது வருடத்தில் இந்த மனிசன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. அவர் விடிய விடிய ஆஸ்பத்திரி மர வாங்கில் படுத்ததும், கொட்டிய என் தலைமுடியைக் கூட்டி அள்ளியதும் நினைவுக்கு வருகிறது. அப்போது நன்றாகப் பார்த்தார். இப்போதுதான் பார்க்கத் தெரியவில்லை. வருத்தம் பெரிதாக இருந்தபோது எல்லோருக்கும் என்ன செய்வது என்று தெரிந்திருந்தது. மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும்.

மு.கா. 6. ஏறுகிறது. புதுக் குளிசையும் இப்படித்தானோ.

ஆகஸ்ட் 10, திங்கள்

மச்சாள் வந்து சொன்னா. இவர் நேற்றுப் பின்னேரம் ஃபாதரிடம் போயிருக்கிறார். நேர்த்தி வைத்த ஆளைத்தான் அது கட்டும், மற்ற ஆளைக் கட்டாது என்று ஃபாதர் சொன்னாராம். மச்சாள் அதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் நிம்மதி. நான் பஸ்ஸில் வரலாமாம், தன்னோடு.

நல்லது. ஆனாலும் எரிச்சல். வெட்டுப்பட்ட காலும் டொக்டரும் சொன்னது போதவில்லை. ஃபாதர் சொன்னதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இரவுச் சாப்பாட்டில் இவர் வாய் திறந்தார். மீன் உப்புக் குறைவு என்றார்.

ஆகஸ்ட் 13, வியாழன்

விடிய நாலரைக்குக் கூட்டம் கோயிலடியில் வெளிக்கிட்டது. செபமாலை, கொடி, தண்ணீர்ப் போத்தல். இவர் தொப்பியும் போட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை.

ஏன் என்று கேட்டேன்.

"உன்ர பங்குக்கு," என்றார்.

ஆவணி வெயிலில் தார் றோட்டு. திரும்பவும் என்னைக் கேட்கவில்லை. ஓடிப்போய்ச் செருப்பை எடுத்துக் கொடுக்கவும் கால் விடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். நாள் முழுக்கக் கோபம், நாள் முழுக்கப் பயம். கந்தோரில் ஒன்றும் ஓடவில்லை.

மு.கா. 6. கை 4.

ஆகஸ்ட் 14, வெள்ளி

மடு. மரங்களுக்குக் கீழே எங்கும் கூடாரம். மச்சாள் இடம் பிடித்துப் பாய் விரித்துவிட்டுக் கோயிலுக்குப் போனா. பஸ்ஸில் இருந்துவந்த கால் எனக்கு. மு.கா. எழுத மனமில்லை.

நடந்த கூட்டம் நாலு மணிக்கு வந்தது. இவர் கடைசியில், ஒரு பொடியனுக்கும் தடிக்கும் நடுவில். கோயில் வாசலில் முழங்காலில் நின்றார், கனநேரம். பிறகு பாய்க்கு வந்து காலை நீட்டினார். இரண்டு உள்ளங்காலும் கொப்பளம், சில உடைந்து சிவப்பு.

ஏச வேண்டும் என்று இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்தேன். காலைக் கண்டதும் வரவில்லை. போத்தல் தண்ணீரை ஊற்றித் துடைத்தேன். பல்லைக் கடித்தார்.

"எரியுது மினா. நெருப்புக்கை வைச்ச மாதிரி." கொஞ்சம் பொறுத்து, "உனக்கு நெடுகலும் இப்பிடியோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம்."

எதிர்ப்பாயில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொன்னனி," என்றார். "நான்தான் கேக்கேல்லை."

மிச்சத் தண்ணீரையும் அவர் காலில் ஊற்றினேன். போத்தல் முடிந்துவிட்டது. மச்சாள் நிரப்பி வைத்த வாளி நாலு அடிக்கு அங்கால். நான் எழும்பிப் பிடித்துப் பார்த்தேன், இந்தக் கைக்கு அது வரவில்லை. அவர் எழும்பப் பார்த்தார், பாதம் ஊன்ற ஏலவில்லை. இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.