கொசுவலைக்கு வெளியே நின்ற பேய்

அன்புள்ள கினுவுக்கு,

நான் சுகம். உன் இருமல் நின்றதா என்பதை முதலில் எழுது.

கோடை வந்தால் எடோ நகர மக்களுக்குப் பேய்ப் படம் வேண்டும். பயத்தில் உடம்பு குளிருமாம். அதனால் ஓபோன் பண்டிகைக்குச் செத்தவர்கள்கூட வீடு திரும்பினாலும், பேய்களை அச்சுப் பலகையில் செதுக்கும் எங்களுக்கு விடுமுறை இல்லை.

போன மாதம் செதுக்கிய அரக்கன் நன்றாக வந்தான். முதலாளி கன்பெய் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது வசதியாக இருந்தது. இம்முறை கொசுவலைக்கு வெளியே நிற்கும் பெண் பேய். கூந்தலின் விளிம்பை மட்டும் வரைந்துவிட்டு, இழைகளை எங்களிடம் விடுவது ஓவியர் வழக்கம். நானும் இழை இழையாகச் செதுக்கினேன். அச்சடித்த தாளைப் பார்த்த முதலாளியின் முகம் சிவந்தது.

“ஏண்டா தோமே, இது பேயா? உள்ள கூப்பிட்டு, ‘சாப்பிட்டியாம்மா’ன்னு கேக்கத் தோணுது. யாரு கூந்தல்டா இது?”

அச்சடிக்கும் சூகே சிரித்தான். “அவன் பொண்டாட்டியோடதுண்ணே. தலைக்குக் குளிச்சிட்டு வந்து நிக்குது பாருங்க.”

வேலை போயிற்று என்றே நினைத்தேன். முதலாளி தாளை வெகுநேரம் பார்த்தார்.

“வருஷக்கணக்கா ஊருக்குப் போகல இல்ல? போய் அவகிட்ட நல்லா திட்டு வாங்கிட்டு வா. அப்பத்தான் பேய் பேயா வரும்.”

ஆகவே ஓபோனுக்கு வருகிறேன். ஊறுகாய் எடுத்து வை. இங்கே தனியாகத் தின்றால் எதிலும் உப்பு ஏறுவதில்லை. கிழிந்த காலுறைகளையும் கொண்டுவருகிறேன், நானே தைத்ததில் கால் நுழைவதில்லை.

கடிதம் கொண்டுபோகிறவர் செருப்பை மாட்டிவிட்டார். என்னைக் கண்டதும் சிரித்துவிடாதே, பிழைப்பு போய்விடும். திட்டு. ஆனால் இரண்டாம் நாள் தொடங்கினால் போதும்.

தோமே