நாம் தூக்கிய ஐம்பது கிலோ

இன்று காலை திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா, தோளில் கைக்குழந்தை. குளிப்பாட்டிக் கழுத்தெல்லாம் பவுடர் அப்பியிருந்தார். கம்பியைப் பிடித்திருந்த கையை மாற்றுவதற்காக இறக்கினேன். உள்ளங்கை வியர்வையில் இரும்பு வாடை, கூடவே அந்தப் பவுடர் வாசனை. இரண்டும் சேர்ந்தால் மற்றவர்களுக்கு என்னவோ, எனக்கு அது நம் ஜிம். பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியவன் கொரட்டூர் வரை போய்த் திரும்பினேன்.

கை வழுக்காமல் இருக்க நீ உன் அக்கா குழந்தையின் பவுடர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவாய். "பவுடர் உராய்வைக் குறைக்கும்டா, கூட்டாது" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "வாசனையா கீதுல்ல, வுடு மாமே" என்பாய். அதற்கு மேல் உன்னிடம் அறிவியல் பேச முடியாது.

கம்பெனியில் நமக்குள் முதலில் பேச்சே கிடையாது. நீ மிஷின் ஓட்டுகிறவன், நான் நீ ஓட்டிய பீஸை அளந்து ரிஜெக்ட் செய்கிறவன். ஒருநாள் பீஸ் அடுக்கிய டிரேயைத் தூக்க முடியாமல் நான் பாதியிலேயே கீழே வைத்தேன். "இன்னா மாமே, மைக்ரோமீட்டர் மட்டுந்தான் தூக்குவியா?" என்று சிரித்தாய். எனக்குக் கோபம். மறுநாளே என்னை இழுத்துக்கொண்டு போய் அந்த ஜிம்மில் சேர்த்தாய், நீயும் சேர்ந்தாய். பஞ்சர் கடைக்கு மேல் மாடி, ஏசி கிடையாது, இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றும். மாஸ்டர் பெரும்பாலும் போனில் இருப்பார்.

எனக்கு எதிலும் பொறுமை இல்லை. ஒரு வாரத்தில் செய்ய வேண்டியதை முதல் நாளே செய்தோம். மறுநாள் ஷிஃப்டில் நீ கையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டு, "மாமே, என் கை எங்க கீதுன்னு பாத்துச் சொல்லேன்" என்றாய். எனக்குச் சட்டைப் பையிலிருந்து பேனா எடுக்கவே முடியவில்லை.

நாலாவது மாதம் நீ பெஞ்சில் படுத்து ஐம்பது கிலோ தூக்கினாய். என்னை வீடியோ எடுக்கச் சொல்லி ஸ்டேட்டஸ் போட்டாய், அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாய். எனக்கு ராடில் மாட்டும் அந்த இரும்பு பிளேட்டுகள் மேல் ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். பழைய இரும்புக் கடையில் வாங்கியவை, எழுத்தே தேய்ந்துபோனவை. மறுநாள் கம்பெனி ஸ்டோர்ஸிலிருந்து தொங்கவிட்டு எடை போடும் மிஷினைக் கேட்டு வாங்கி வந்தேன். பத்து கிலோ ராடு, இருபது கிலோ என்று சொல்லப்பட்ட இரண்டு பிளேட், எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தேன்.

"நாப்பத்தி நாலு புள்ளி நாலு. உன் அம்பது ரிஜெக்ட்டுடா" என்றேன். ஜிம்மே கேட்கும்படி சொன்னேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், ஆனால் கொஞ்சம் தாமதமாக. "என் நெஞ்சு மேல குந்திகினு இருந்தப்போ அது அம்பதுதான் மாமே. உன் மிஷினு மேலயா குந்துச்சு?" என்றாய். சாயங்காலம் பார்த்தேன், ஸ்டேட்டஸைக் காணோம். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு சரியான எடையை ஒவ்வொரு பிளேட்டிலும் சாக்பீஸால் எழுதினேன். அசல் ஐம்பதை நான் தூக்கிக் காட்டுவதாகச் சபதம். ஒவ்வொரு செட்டுக்கும் நீதான் என் தலைமாட்டில் நிற்பாய். ராடு பாதியில் நின்றால் பிடித்துக்கொள்ள ஒருவர் அப்படி நிற்பது வழக்கம். ராடுக்கு அடியில் இரண்டு விரல் வைத்திருப்பாய். "ஏத்து, ஏத்து, நீதான் ஏத்துற, நான் தொடவே இல்ல மாமே!" என்று கத்துவாய். மூன்று மாதத்தில் ஐம்பது மேலே போனது. நோட்டில் 50.0 என்று எழுதி, "இதுதான்டா ஐம்பது" என்று உன் முகத்துக்கு நேரே காட்டினேன். ஜிம் முழுக்கக் கேட்கும்படி கை தட்டினவன் நீ.

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஆறாம் நாள் நீ இல்லை.

பல வாரம் கழித்துத்தான் அந்த மாடி ஏறினேன். அதே ராடு, அதே பிளேட், தலைமாட்டில் யாரும் இல்லை. இறக்கினேன். மேலே போகவில்லை. நெஞ்சின் மேல் இரும்பைச் சுமந்துகொண்டு கிடந்தேன். மாஸ்டர் போனைப் போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கினார். "இன்னாபா, தனியாவா போடுவ?" என்று திட்டினார்.

இடைவெளி விழுந்ததால் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஒழுங்காகப் போனேன், ஒழுங்காகச் சாப்பிட்டேன். என்னால் தனியாகத் தூக்க முடிந்தது நாற்பத்திரண்டு. நீ அன்று தூக்கியதைவிடக் குறைவு. அன்று உனக்குப் பின்னால் யாருமே நிற்கவில்லை. நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

மைக்ரானை அளக்கிறவன் நான். தலைக்கு மேல் இருந்த இரண்டு விரல் எனக்குத் தெரியவில்லை. நான் ஐம்பது என்று எழுதியபோது நீ எப்படிடா சும்மா நின்றாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என் வாய் மூடியிருக்கும். உனக்கு அந்த உரிமையும் இருந்தது.

போன மாதம் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். நாற்பது தாண்டியவர். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பைத் தேற்ற வந்தவர். வெறும் ராடே பாதியில் நடுங்கியது. ராடுக்கு அடியில் இரண்டு விரல் வைத்து நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்க, "தம்பி, நீங்க பிடிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார். முழுக்க நீங்கதான்" என்றேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அன்று உன் முகத்தில் நான் விட்டுவைக்காதது அதில் இருந்தது.

நோட்டில் அந்த 50.0 அப்படியே இருக்கிறது. தவறான அளவை நான் எங்கும் விட்டுவைத்ததில்லை, இதை மட்டும் அடிக்க மனம் வரவில்லை. அதில் எட்டு கிலோவாவது உன்னுடையது. சரியாக எவ்வளவு என்று உன்னிடம் கேட்க வேண்டும். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பச்சைப் பொய்தான் சொல்வாய். அதை உன் வாயால் ஒரு தடவை கேட்டால் போதும்.