எழுநூறு டாக்டர்களும் என் நான்கு ஆடுகளும்

12.3.2006, ஞாயிறு
பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில், துபாயிலிருந்து என் வீட்டுக்காரர் அனுப்பிய மெயிலைப் பார்த்தேன். இரண்டே வரி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆடு என்று போட்டுத் தேடினேன். கால்நடை டாக்டர்கள் பேசிக்கொள்ளும் குழு ஒன்று வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். பட்டனை அழுத்திச் சேர்ந்துவிட்டேன். நீ யார் என்று யாரும் கேட்கவில்லை.

19.3.2006
ராஜதுரை என்ற புது டாக்டர் கேட்டிருந்தார்: தாய் ஆடு குட்டியை நக்காமல் உதைக்கிறது, என்ன செய்ய? கை சும்மா இருக்கவில்லை. "குட்டி முதுகில் கொஞ்சம் உப்பு தடவுங்கள், நக்கும்" என்று எழுதினேன்.

26.3.2006
நக்கிவிட்டதாம். "நன்றி, டாக்டர் ஹஃபீசா." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிரிப்பு.

16.4.2006
வாரம் மூன்று பதிலாவது எழுதிவிடுகிறேன். டாக்டர் இல்லை என்று இன்னும் சொல்லவில்லை. எனக்கு ஏன் இந்த வேலை? வீட்டில் வாயைத் திறந்தால் மாமி, வீட்டுக்காரரின் உம்மா, "ஒனக்கு என்னா தெரியும்" என்பார். அங்கே முகம் தெரியாத ஒருவர் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அதுக்குத்தான் போறேனோ?

30.4.2006
மறுபடியும் ராஜதுரை. வயிறு உப்பிய ஆட்டுக்கு மருந்து எவ்வளவு? "டாக்டர் ஹஃபீசா சொன்னால் கொடுத்துவிடுவேன்." நான் பாட்டுக்கு எதையாவது சொல்லி, அது செத்துப்போனா? யா அல்லாஹ் — எழுதிவிட்டேன். "நான் டாக்டர் இல்லை. லெப்பைக்குடிக்காட்டில் நாலு ஆடு வளர்க்கிறேன். மருந்து தெரியாது. வேறு டாக்டரை உடனே கேளுங்கள். மன்னிச்சிருங்க."

7.5.2006
நீக்கியிருப்பார்கள் என்றுதான் போனேன். இல்லை. இன்னொரு டாக்டர் மருந்து சொல்லி, ஆடு பிழைத்திருக்கிறது. இரண்டு பேர் என்னைத் திட்டியிருந்தார்கள், நியாயம்தான். குழுவை நடத்தும் டாக்டர் மலர்கொடி எழுதியிருந்தார்: "எழுநூறு டாக்டருங்க இருக்கோம், ஆடு வளக்கிறவங்க ஒருத்தருமில்ல. நீங்க இருங்க. மருந்து மட்டும் சொல்லாதீங்க."

14.5.2006
மாமியிடம் சொன்னேன். "டாக்டருங்களுக்கே நீ சொல்றியா?" என்றார். சாயங்காலம் கறுப்பு ஆட்டை இழுத்துவந்து, "இது ஏன் திங்க மாட்டேங்குது, பாரு."

2.7.2006
இனி குழுவில் சேருகிறவர்கள் காரணம் எழுத வேண்டும் என்று டாக்டர் மலர்கொடி விதி போட்டிருக்கிறார். டாக்டர் அல்லாதவர்களைப் பார்த்துச் சேர்ப்பது என் பொறுப்பு. இன்று முதல் ஆள், வேப்பந்தட்டை சின்னதுரை, சந்தைக்கு ஆடு ஏற்றும் லாரி டிரைவர். "வண்டியில ஆடு எப்படி நிக்கும், எப்ப படுக்கும்னு எனக்குத் தெரியுங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

சேர்த்துவிட்டேன். முதல் கேள்வியையும் நானே கேட்டேன்.