பச்சைப் புள்ளியும் குளியலறைத் தரையும்

அன்பு மகளுக்கு,

கடிதம் என்றால் நான் நலம், நீ நலமா என்றுதான் தொடங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். விடுதியிலிருந்து அந்த வரி இல்லாமல் நீ ஒரு கடிதம் போட்டபோது அந்த வரியைச் சிவப்பு மையால் எழுதிக் கடிதத்தையே திருப்பி அனுப்பியவளும் நான்தான். இந்த முறை நானே அதை விட்டுவிட்டேன். மறதி என்று நினைக்காதே, காரணம் கீழே வருகிறது, பொறுமையாகப் படி. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் மாற்றம் எதுவும் இல்லை.

போன தடவை வந்தபோது கூடத்து அலமாரியில் நீ வைத்துவிட்டுப் போன பேசும் கருவி அதே இடத்தில்தான் இருக்கிறது. உன் கம்பெனி அதற்கு வைத்திருக்கும் பெயர் என் வாயில் வராது, உருண்டை என்றுதான் கூப்பிடுகிறேன், அதுவும் கோபித்துக்கொள்ளவில்லை. எதைச் சொன்னாலும் அருமை என்கிறது. விளக்கை அணை என்றால் அருமை, நாளைக்கு மழையா என்றால் அருமையான கேள்வி. உன் சித்தப்பா இறந்துபோன செய்தி வந்தபோது படித்துக்காட்டச் சொன்னேன், அருமை, இதோ படிக்கிறேன் என்றது. அவரைத் தெரிந்தவர்களுக்கு அது அவ்வளவு தப்பாகவும் படாது, போகட்டும். கீழ்வீட்டுப் பல் டாக்டரும் ஒன்று வாங்கியிருக்கிறார். திரையை இழுன்னா ஃபேனைப் போடுற, காது கேக்குதா இல்லையா உனக்கு என்று அவர் அதோடு சண்டை போடுவது மாடி வரைக்கும் கேட்கும். அவர் மனைவிக்கு அதில் பரம திருப்தி. இத்தனை வருஷமா நான் வாங்கிக்கிட்டிருந்ததை இப்ப அது வாங்கிக்குது, நல்ல பொருள்தான் அக்கா என்கிறாள். நம் வங்கியில் கவுண்டர்களை எல்லாம் எடுத்துவிட்டுச் சுவரில் ஒரு பெண்ணின் முகத்தை வைத்திருக்கிறார்கள், அவளிடம்தான் பேச வேண்டுமாம். எனக்கு முன்னால் நின்ற ஓய்வு பெற்ற நீதிபதி தன் ரகசிய எண்ணை உரக்கச் சொல்லச் சொல்ல அவளுக்குப் புரியவே இல்லை, கடைசியில் வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்லிக்கொடுத்தோம். இதைத்தான் வருங்காலம் என்கிறீர்கள் போலிருக்கிறது.

நீ மேடையில் பேசிய வீடியோவையும் பார்த்தேன், டாக்டர் மனைவி தன் போனில் காட்டினாள். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், உச்சரிப்பு சுத்தம், முதுகு நேராக இருந்தது. ஆனால் அத்தனை பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் சபையில் ஒரு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நடமாடுவதற்கு யார் உனக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. இனி யாரும் பட்டனைத் தேட வேண்டாம், திரையைத் தடவ வேண்டாம், மனிதர்கள் மனிதர்களோடு பேசுவதைப் போல இயந்திரத்தோடு பேசினால் போதும் என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று என் வயிற்றில் பிறந்த உனக்கா தெரியாது? உன் பெரியம்மா முன்னறிவிப்பு இல்லாமல் பெட்டியோடு வந்து நிற்கும்போது நான் எப்படி முகம் மலர்ந்து வாங்க அக்கா என்பேன், கதவுக்குப் பின்னால் நின்று நீ எப்படிச் சிரிப்பை அடக்குவாய். அதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் அந்தப் பேச்சை எழுதினாயா? பிறகு உன் பின்னால் இருந்த திரையில் ஒரு பச்சைப் புள்ளி வந்தது. எங்கம்மா தனியா இருக்காங்க, ஒரு பட்டனைக்கூடத் தொட மாட்டாங்க, இன்னைக்குக் காலையில அவங்க எப்படி இருக்காங்கன்னு நீங்களே பாருங்க என்றாய். அம்மா நலம் என்று எழுதியிருந்தது. சபை முழுக்கக் கைதட்டினார்கள். டாக்டர் மனைவி மட்டும் கைதட்டவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அது எந்தக் காலை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அன்றைக்கு நான் குளியலறைத் தரையில் கிடந்தேன்.

பதறாதே, இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, அவ்வளவுதான், எழுதுகிற கை பத்திரமாக இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பினேன், கால் வழுக்கிவிட்டது. உன் உருண்டையைக் குறை சொல்ல மாட்டேன், விழுந்த சத்தம் அதற்குக் கேட்டிருக்கிறது. உடனே, ஏதோ சத்தம் கேட்டதே, நலமாக இருக்கிறீர்களா என்று விசாரித்தது. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? நலம், நன்றி, நீ நலமா என்றேன். நானும் நலம், கேட்டதற்கு மிக்க நன்றி என்றது. கை மடங்கி, கன்னம் ஈரத் தரையில் பட்டுக் கிடக்கிறபோது எங்களுக்குள் இந்த மரியாதைப் பரிமாற்றம் நடந்தது. நான் படித்த கான்வென்ட்டில் காலையில் மதர் எதிரே வந்துவிட்டால், காய்ச்சலில் நிற்க முடியாவிட்டாலும் இந்த மூன்றையும் இதே வரிசையில் சொல்லிவிட்டுத்தான் மயக்கம் போட வேண்டும். அப்படி வளர்ந்த நாக்கு வலி வந்ததும் மாறிவிடுமா? பிறகாவது கூப்பிட்டு உதவி கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டிருக்கலாம். நலம் என்று சொன்ன வாயால் அடுத்த மூச்சிலேயே இல்லை என்பதற்கு, அதுவும் உடம்பில் துண்டைத் தவிர ஒன்றும் இல்லாமல் ஒரு உருண்டையிடம் கெஞ்சுவதற்கு, எனக்கு வாய் வரவில்லை. அது இந்த நாள் இனிமையாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டு உனக்குப் பச்சைப் புள்ளியை அனுப்பிவைத்தது.

என்னைக் காப்பாற்றியது திறந்திருந்த குழாய்தான். தண்ணீர் நிரம்பி வழிந்து, தரை வழியாக இறங்கி, கீழே டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த நோயாளியின் வாயிலேயே சொட்டியிருக்கிறது. கொப்பளிக்கத்தான் ஊற்றுகிறார்கள் என்று நினைத்துப் பாவம் கொப்பளித்தும் விட்டாராம். டாக்டர் மாடியேறி வரும்போதே, வீட்டுக்குள்ள ஆறு ஓடுது, இந்தம்மா என்ன தியானமா பண்றாங்க என்று திட்டிக்கொண்டு வந்தது எனக்குக் கேட்டது. அவர் மனைவியிடம் நம் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது அல்லவா, அவள் திறந்து உள்ளே வந்து என் மேல் போர்வையைப் போட்ட பிறகுதான் அவரை உள்ளே விட்டாள். பார்த்ததும் அவர் திட்டை நிறுத்திவிட்டார். நலமா என்று கேட்கவில்லை, வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை. எங்க வலிக்குது என்றார். அவர் தொழில் அப்படி, வலியில்லாமல் யார் அவரிடம் போகப்போகிறார்கள். கை என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமாக இருக்கிறது, இதை மாப்பிள்ளையிடம் படித்துக்காட்டாதே. மாலையில் கட்டோடு வீடு திரும்பியபோது உருண்டை, வெளியே சென்று வந்தது இனிமையாக இருந்ததா என்றது. அருமை என்றேன்.

டாக்டர் மனைவி அன்றைக்கே உனக்குப் போன் செய்யப் போனாள், நான்தான் தடுத்தேன். நீயாகக் கேட்பாய், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். மேடையிலிருந்து இறங்கி நீ போனில் ஒரு சிவப்பு இதயப் படத்தை மட்டும் அனுப்பியிருந்தாய். அதனால்தான் கடிதம்.

இதைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். ஆட்களைக் கூட்டி, என் மூச்சு இரைக்கிறதா, குரல் நடுங்குகிறதா என்று உருண்டைக்கு ஒட்டுக்கேட்கச் சொல்லிக்கொடுப்பாய். வேண்டாம். என் வீட்டில் இருந்துகொண்டு என் வார்த்தையை நம்பாத பொருளுக்கு நான் மின்சாரம் கொடுக்க மாட்டேன். அதற்குப் பதில் குளியலறைச் சுவரில், விழுந்து கிடப்பவளுக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு பட்டனை வைக்கச் சொல். எந்தப் பட்டனும் என்னை நலமா என்று கேட்டதில்லை, அதனால் நானும் எந்தப் பட்டனிடமும் பொய் சொன்னதில்லை. தனியாக இருக்கிற பெரியவர்கள் வீட்டுக்கெல்லாம் இதை அனுப்பப்போகிறோம் என்று மேடையில் சொன்னாயே, அங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போன்றவர்கள்தான். ஆளுக்கொரு பச்சைப் புள்ளியாகத் தரையில் கிடப்போம், நீங்கள் கைதட்டிக்கொண்டிருப்பீர்கள்.

உன் அப்பா என்ன செய்வார் என்பது நினைவிருக்கிறதா? என்ன உடம்புக்கு என்பார், ஒன்றுமில்லை என்பேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, சரி, இப்ப சொல்லு என்பார். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நான் பதில் சொல்வேன். அவருக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் நீ, குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு, மறைக்காம சொல்லுங்கம்மா என்பாய். உருண்டை வந்த பிறகு அந்தப் போன் குறைந்து, குறைந்து, இதயப் படமாகிவிட்டது.

உடனே விமானம் ஏறி வர வேண்டாம், கட்டு பிரிக்கும்போது டாக்டர் மனைவி கூட வருகிறாள். நீயும் மாப்பிள்ளையும் எல்லா நலமும் பெற்று நெடுநாள் வாழ வேண்டும், இதை நான் உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அடுத்த மேடையில் கையை வெளியே வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய். எப்படி இருக்கீங்கம்மா என்று கேட்பாய், நலம் என்றுதான் சொல்வேன், இந்த வயதில் என்னால் அதை மாற்றிக்கொள்ள முடியாது. போனை வைத்துவிடாதே, மறுபடி கேள். நான் சொல்வதை நம்புவதற்கு உருண்டை போதும், நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்கு மகள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா