லொரெய்ன் தைத்த பை

அன்புள்ள லொரெய்ன்,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம். ஒஹையோவில் மழை விட்டுவிட்டது, வியாபாரமும் மோசமில்லை.

நேற்று வெண்டெல் என்ற துப்பாக்கி சுடும் போட்டியாளர், சுடுதளத்தில் நான் போட்டிருக்கும் கடைக்கு வந்தார். துப்பாக்கியின் முன்பக்கத்தைத் தாங்கும் மணல் பைகளை அமுக்கிப் பார்த்து, மெத்தென்று இருந்ததை எடுத்தார்.

“தலையணையா வாங்க வந்தீங்க? இது அமுங்கினா ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி வேற மாதிரி உக்காரும். கல்லு மாதிரி இருக்கணும், உங்க துப்பாக்கியோட மரக்கட்டை அகலத்துக்கும் பொருந்தணும்” என்றேன்.

“அப்போ நீ வச்சிருக்கியே, அதைக் குடுய்யா!”

அது நீ எனக்காகத் தைத்தது. அவர் கட்டையும் என்னுடைய அகலம்தான் என்பதால், சுட்டுப் பார்க்க மட்டும் கொடுத்தேன். ஐந்து குண்டும் ஒரே துளையில் போயின. விற்பனைக்கில்லை என்றேன்.

“கால்ல கிடக்கிற பூட்ஸையே விக்கிற ஆளு நீ! இதுக்கு என்னய்யா வந்துச்சு?”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நல்ல விலை, விற்றுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

அடுத்த மாதப் போட்டியில் நானும் சுடுகிறேன். கடையில் மிச்சமிருப்பதெல்லாம் குறுகலான பைகள். அதே அளவில் இன்னொன்று தைத்துவிடு. ஆனால் அஞ்சலில் அனுப்பாதே. மணல் இங்கேயே கிடைக்கும். அதை உன்னைப்போல் இறுக்கித் திணிக்கத்தான் ஆளில்லை. பையோடு நீயும் பேருந்து ஏறிவிடு. காலை நீட்டிக்கொள்ள முன்வரிசை இருக்கையாகக் கேள்.

யாரோ கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் டுவைன்